அண்ணாச்சி காரில் ஒரு ஙொய்ங்

சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சிக்கு இடுப்புவலி. சாதாரண வலி இல்லை. உட்கார்ந்தால் எழும்ப முடியாது, எழும்பினால் உட்கார முடியாது, தும்மல் வந்தால் பக்கத்தில் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். தென்காசி டாக்டர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் பார்த்தாயிற்று. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் போய் மலையாளத்து வைத்தியரிடம் எண்ணெய்க்குள் ஊறவும் செய்தாயிற்று. எதற்கும் கேட்காத அந்த வலி கடைசியில் எதற்குக் கேட்டது என்றால், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் கட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு. சாப்பிட்டுவிட்டு வந்தவர், சும்மா சாயலாமே என்று அந்த ஆள் உயரப் பெட்டியில் முதுகைக் கொடுத்து நின்றிருக்கிறார். உள்ளேயிருந்து 'டும்' என்று ஒரு அடி. இடுப்புக்குள் என்னமோ இளகின மாதிரி இருந்திருக்கிறது. இன்னும் நாலு டும். அண்ணாச்சி கண்ணை மூடிவிட்டார். ஆட்டம் முடிந்து, கூட்டம் கலைந்து, சவுண்ட் சர்வீஸ்காரன் ஒயரைச் சுருட்டி, "அண்ணாச்சி, பெட்டிய வண்டியில ஏத்தணும்" என்று கெஞ்சுகிற வரைக்கும் அவர் அதை விட்டு நகரவில்லை.

அன்றிலிருந்து, காருக்குள் அப்படி டும் என்று அடிக்கிற ஒரு சப்-ஊஃபர் மாட்டியே ஆகணும் என்று ஒற்றைக் காலில் நின்றார். இடுப்புவலியோடு ஒற்றைக் காலில் நிற்பது லேசுப்பட்ட காரியமா, நீங்களே சொல்லுங்கள்.

இங்கேதான் பேச்சிராஜுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. சனி பிடித்தது என்று சொல்லுகிறவர்களும் உண்டு. பேச்சிராஜ் தென்காசி மதுரை ரோட்டில் கார் சவுண்ட் கடை வைத்திருக்கிறான். கூட்டாளி உவைஸ், சார்ஜாவில் இதே தொழிலை ஒன்பது வருசம் பார்த்துவிட்டு வந்தவன். பேச்சிராஜின் பெரியப்பா அப்போதுதான் கீழப்பாவூருக்குப் போய், அண்ணாச்சியின் மகள் காளீஸ்வரியை இவனுக்குக் கேட்டுவிட்டு வந்திருந்தார். "பையனும் பொண்ணும் முன்னப்பின்ன பாத்ததுகூட இல்ல, எல்லாம் பெரியவுக பாத்துச் செய்யுதது" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். சொன்னது முழுப்பொய். காளீஸ்வரி தென்காசியில் ஒரு பைக் ஷோரூமில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் இருக்கிறாள். ஒரு நாள் ஒரு போல்ட்டு வாங்கப் போன பேச்சிராஜ், அதற்குப் பிறகு வாரத்துக்கு நாலு போல்ட்டு வாங்கினான். கடையில் ஒரு டப்பா நிறையத் தேவையில்லாத போல்ட்டு கிடந்தது. ரெண்டு பேரும் மனசு ஒத்துப் பழகி ஒரு வருசம் ஆயிற்று.

இது அண்ணாச்சிக்குத் தெரிந்தால் தொலைந்தது கதை. அவர் பாவூர்சத்திரத்தில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். மண்டியில் அவருக்கு ரெண்டு சட்டம். ஏலத்தில் எவன் கை முதலில் உயருதோ அவனுக்குத்தான் சரக்கு, அப்புறம் அழுது புரண்டாலும் கிடையாது. அது ஒன்று. மூட்டையைப் பிரித்துத் தட்டிக் காட்டாமல் ஏலம் விட்டால் அது செல்லாது, மறு ஏலம்தான். இது ரெண்டு. இந்த ரெண்டு சட்டத்தையும் வைத்துத்தான் அவர் வீட்டையும் நடத்தினார். அவர் சம்சாரம் குருவம்மாள் ஆச்சி சேலை எடுப்பதுகூட இந்தக் கணக்குப்படிதான். பொய் சொல்லிக் கொண்டுவந்த சம்பந்தம் என்று தெரிந்தால் பிரிக்காத மூட்டை மாதிரி தெருவில் தள்ளிவிடுவார்.

ஆனாலும் மனுசன் நியாயஸ்தர். "பொண்ணு கேட்டு வந்திருக்கான். தொழில் எப்படின்னு பாப்போம்" என்று காரை நேரே பேச்சிராஜ் கடைக்கே அனுப்பிவிட்டார்.

பேச்சிராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிக்கிக்குள் பெட்டி, பெட்டியின் முகம் பின்சீட்டில் அண்ணாச்சியின் இடுப்புக்கு நேராக, பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் என்று கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது காளீஸ்வரி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கையில் வாழையிலைத் துண்டில் மடித்த ஈரச் சந்தனம்.

"நம்ம கீழப்பாவூர் நரசிம்மர் கோயில்ல வாங்கினது. நம்ம காரியம் நல்லபடியா முடியணும்னு வேண்டிட்டு வந்திருக்கேன். அப்பா கண்ணுல படாத எடமாப் பாத்து வண்டியில வச்சிருங்க" என்றாள். சொல்லிவிட்டு, அங்கே கிடந்த ஸ்பானரைப் பார்த்து, "இது பன்னெண்டு. ஒங்களுக்குப் பத்துல்லா வேணும்" என்று எடுத்தும் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது ஒரு விசயம் சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் கதை புரியாது. காரில் 'எர்த்து' என்பார்கள். ஆம்ப்ளிஃபயருக்குள் போன கரண்டு திரும்பிப் போகிற வழி அது. டிக்கித் தரையில் பெயிண்டைச் சுரண்டி, தகரம் பளபளவென்று தெரிகிற இடத்தில் ஒயரின் வளையத்தை வைத்து போல்ட்டு போட்டு இறுக்க வேண்டும். தகரமும் வளையமும் அப்படியே ஒட்டணும், நடுவில் ஒரு தூசு இருக்கக்கூடாது. இருந்தால் ஆம்ப்ளிஃபயர் பாட்டோடு சேர்த்து எஞ்சினையும் பாட வைத்துவிடும். இதைப் பேச்சிராஜே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

அப்படிப்பட்டவன் என்ன செய்தான்? சந்தனத்தை வைக்க இடம் தேடினான். ஆம்ப்ளிஃபயருக்கு உயிர் எது? எர்த்து. அண்ணாச்சி கண்ணில் என்றைக்குமே படாத இடம் எது? எர்த்துக்கு அடி. தகரத்தைப் பளபளவென்று சுரண்டி, அதன் நடுவில் கண்ணை மூடிக் கும்பிட்டுச் சந்தனத்தை அப்பினான். தூசுதானே இருக்கக்கூடாது, சந்தனம் தூசா? விரலில் மிச்சம் ஒட்டியிருந்தது. பிரசாதத்தைக் கண்ட துணியில் துடைக்கலாமா? வளையத்துக்கு மேலேயும் பூசினான். அப்புறமும் கொஞ்சம் இருந்தது. போல்ட்டு மரையிலும் தடவி, பக்தியோடு இறுக்கிவிட்டான். கோட்டிக்காரப் பய.

முதல் ரெண்டு நாள் கார் தேவலோகத்து ரதம்தான். சந்தனம் ஈரமாக இருந்தது, கரண்டும் எப்படியோ போய் வந்தது. அண்ணாச்சி பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, டிரைவர் ஜெபசிங்கைக் காரணமே இல்லாமல் ஆலங்குளம் வரைக்கும் ஓட்டச் சொல்லித் திரும்பி வந்தார். "குருவம்மா, இடுப்பு பஞ்சு மாதிரி இருக்குட்டி" என்றார். அண்ணாச்சி வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்ததில் ஆச்சிக்கே பயம் வந்துவிட்டது.

அப்புறம் சந்தனம் காய்ந்தது.

காலையில் ஜெபசிங் வண்டியை எடுத்தான். கதவு ஸ்பீக்கரிலிருந்து 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 'ஙொய்ய்ய்ய்ங்' என்று மேலே ஏறுகிறது. விட்டால் முனகிக்கொண்டு இறங்குகிறது. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை. அண்ணாச்சிக்கு முதலில் காதுக்குள் கொசு என்று நினைப்பு. காதில் ரெண்டு அறை விட்டுக்கொண்டார். பிறகு ஜெபசிங் பாடுகிறான் என்று நினைத்து அவனுக்கு ஒன்று கொடுத்தார். அதற்கும் நிற்கவில்லை.

கார் கடை வாசலில் வந்து நின்றது. "ஏலே, என்னலே இது? இடுப்புக்கு மருந்து கேட்டா காதுக்கு நோயக் குடுக்க?" என்று இறங்கினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து டிக்கிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். எடைத்தட்டில் சரக்கு இருக்கும்போது கண்ணை எடுக்காமல் பழகின உடம்பு. டீ அங்கேயே, வெற்றிலை அங்கேயே, மண்டிக்குப் போன் பேசுவதும் அங்கேயே.

"எர்த்தா இருக்கும். கழத்திப் பாரு மக்கா" என்றான் உவைஸ், டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு.

"எர்த்து நல்லாத்தான் இருக்கு. இழுத்துப் பாரு, அசையுதா?" என்றான் பேச்சிராஜ்.

"அசையலேன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமா? சார்ஜாவுல பத்து வண்டி இப்படி வந்தா எட்டு வண்டியில எர்த்துதாம்லே."

"உவைஸு, வேற எதுல வேணா கை வையி. அதுல மட்டும் வைக்காத."

உவைஸ் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பேச்சிராஜுக்குத் தெரியாமலா இருக்கும்? மனசின் ஒரு மூலையில் தெரிந்துதான் இருந்தது. ஆனால் கழற்றினால் மஞ்சள் மஞ்சளாகச் சந்தனம் வெளியே வரும். ரெண்டு முழம் தள்ளி அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார். அது யார் கொடுத்தது என்று கேட்பார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நம்ம காரியம் முடியணும் என்று அவள் வேண்டிக் கொடுத்த சந்தனம் அது. அதைத் தன் கையாலேயே சுரண்டி எறிந்தால் காரியம் எப்படி உருப்படும்? அந்த ஒரு போல்ட்டைத் தவிரக் காரில் உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று தீர்மானித்தான்.

மாற்றினான். பாட்டு வருகிற ஒயரை மாற்றினான். கரண்டு ஒயரை இடது பக்கமும் பாட்டு ஒயரை வலது பக்கமுமாகப் பிரித்துப் போட்டான். ஙொய்ங். சத்தத்தை வடிகட்டுகிற ஃபில்டர் ஒன்று வாங்கி மாட்டினான். ஙொய்ங் கொஞ்சம் மெலிந்து, அழுகை மாதிரி ஆனது. ஆம்ப்ளிஃபயரையே மாற்றினான், அதே ஒயர், அதே போல்ட்டு. புது ஆம்ப்ளிஃபயர் புதுத் தெம்போடு ஙொய்ங் என்றது.

அண்ணாச்சியும் சும்மா இருக்கவில்லை. "வண்டிய கிழக்க பாத்து நிறுத்துலே" என்றார். நிறுத்தினார்கள். கிழக்கே பார்த்து ஙொய்ங் என்றது. "எல்லாத்தையும் வெளிய அள்ளிப் போடு. மூட்டையக் கவுத்தாத்தான் அழுகினது தெரியும்" என்றார். சீட்டு, மிதியடி, ஸ்டெப்னி டயர், ஆச்சி எப்போதோ தொலைத்த ஒற்றைக் கொலுசு, எல்லாம் ரோட்டோரத்துக்கு வந்தது. வெறும் தகரமாக நின்ற காருக்குள் சத்தம் இன்னும் கணீரென்று கேட்டது.

சாயங்காலம் வண்டி வீட்டுக்குப் போவதும் காலையில் கடைக்கு வருவதுமாகச் சில நாள் ஓடியதில் ஊருக்குள் விசயம் பரவிவிட்டது. மண்டி வாசலில் கார் திரும்பும்போதே, "ஙொய்ங் வருது, எழும்புங்கலே" என்று லோடுமேன்கள் பீடியை அணைத்தார்கள். மேலகரத்துப் பக்கம் கையைக் காட்டி ஏறின ஒரு நாதஸ்வரக்காரர், கொஞ்ச தூரம் போனதும் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "டிரைவர் தம்பி, இதே வேகத்துல பிடிங்க. அச்சா ரெண்டரைக் கட்டை" என்று உறையிலிருந்து வாத்தியத்தை எடுத்துவிட்டார். இறங்கும்போது, "இந்த வண்டிய ஒரு முகூர்த்தத்துக்குச் சுருதிக்கு அனுப்புவியளா அண்ணாச்சி?" என்று கேட்டார். அண்ணாச்சியின் முகம் போன போக்கைப் பார்த்து ஜெபசிங் வண்டியை எடுத்துவிட்டான்.

அண்ணாச்சி கையில் இன்னொரு மாப்பிள்ளையும் இருந்தான். ஆலங்குளத்தில் காது மெஷின் கடை வைத்திருக்கிற சந்தோஷ்குமார். அவனுக்குப் போன் போட்டு, போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்து, "கேளும் தம்பி, இது என்ன சத்தம்?" என்றார். அவன் நெடுநேரம் கேட்டுவிட்டு, "அங்கிள், சில பேருக்கு வயசானா காதுக்குள்ளயே இப்படிக் கேக்கும். ஒரு தடவ கடைக்கு வாங்க, ஃப்ரீயா டெஸ்ட் பண்ணிருவோம்" என்றான். பேச்சிராஜுக்கு அன்றைக்கு முழுவதும் இருந்த ஒரே ஆறுதல் இதுதான்.

ஆனால் அண்ணாச்சி போனை வைத்துவிட்டுச் சொன்னது வேறு. "ஏலே பேச்சி, நல்லாக் கேட்டுக்கோ. வார ஞாயித்துக்கிழம குடும்பத்தோட ஐந்தருவிக்குக் குளிக்கப் போறோம். நீயும் வண்டியில வா. அங்கன போய்ச் சேருததுக்குள்ள நீ இந்தச் சத்தத்த நிறுத்திட்டேன்னா அருவிக்கரையிலயே வெத்தல பாக்கு மாத்திக்கிடுவோம். நிக்கலைன்னா ஆலங்குளத்துப் பையன்தான். ஒரு காருக்குள்ள சத்தத்த நிறுத்தத் தெரியாதவன், நாளைக்கு ஒரு வீட்டுக்குள்ள சத்தத்த எப்படிலே நிறுத்துவான்?"

சனிக்கிழமை காளீஸ்வரி போனில் கூப்பிட்டாள். அவள் குரலும் சரியில்லை. "எங்கப்பா ஆலங்குளத்துக்குச் சொல்லி அனுப்பிட்டாக. எனக்குப் பயமா இருக்கு. சந்தனம் பத்திரமா இருக்குல்லா?"

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீ கொடுத்த சந்தனம்தான்டி குறுக்கே நிக்குது என்று எப்படிச் சொல்வான்? அழுதுவிடுவாள். "பத்திரமா இருக்கு" என்றான். போனை வைத்துவிட்டுக் கடைக்குள் தலையில் அடித்துக்கொண்டான்.

உவைஸ் வந்து ரெண்டு பக்கமும் கிளிப் வைத்த ஒரு ஒயரை அவன் கையில் திணித்தான். "போல்ட்டுக்குள்ள என்ன பொதையல் வச்சிருக்கியோ, எனக்குத் தெரியாண்டாம். வண்டி இப்ப கீழப்பாவூர்ல கெடக்கு. நாளைக்கு வழியில நிறுத்தி ஒரு கிளிப்ப ஆம்ப்ளிஃபயர் எர்த்துல கடிக்க விடு. இன்னொண்ண வேற ஒரு நல்ல தகரத்துல கடிக்க விடு. போல்ட்டத் தொடாமலே சத்தம் நின்னுரும். பொறவு தென்காசி வந்து புது எர்த்து அடிச்சிக்கிடலாம்."

பேச்சிராஜ் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. ஜெபசிங் ஓட்ட, முன்சீட்டில் பேச்சிராஜ் மடியில் டூல்ஸ் பையோடு. பின்சீட்டில் அண்ணாச்சி, ஆச்சி, நடுவில் காளீஸ்வரி. ரெண்டு பேரும் முன்னப்பின்ன பார்க்காதவர்கள் அல்லவா? பேச்சிராஜ் வெளியே பார்த்தான், அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். டிக்கிக்குப் போய்க் கிளிப்பை மாட்டுவதற்கு வழியே இல்லை. கீழப்பாவூரிலிருந்தே அண்ணாச்சி டிக்கியைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டுதான் கிளம்பியிருந்தார். மேலகரத்தில் ஙொய்ங். குற்றாலம் பேரூராட்சி வளைவுக்குள் நுழையும்போது ஙொய்ங். ஏற்றத்தில் கியர் மாற்றினபோது ஒரு நீண்ட ஙொய்ய்ய்ய்ங். பேரருவிப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்த ஈரத்தலைக் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

அண்ணாச்சி ஒவ்வொரு ஙொய்ங்குக்கும் ஒரு விரலை மடக்கினார். அதுதான் பயமாக இருந்தது.

ஐந்தருவியில் வண்டி நிற்கிற இடத்தில் காரை நிறுத்தி, "எஞ்சின அணைக்காத. இன்னும் கொஞ்சம் மிதி" என்றார். ஜெபசிங் மிதித்தான். மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி பானட்டில் உட்கார்ந்தது. பின்னாலேயே அதன் சொந்தபந்தம் எல்லாம் வந்து, கச்சேரி கேட்கிற மாதிரி வரிசையாக உட்கார்ந்து காரையே பார்த்தன. அண்ணாச்சி அந்தக் குரங்குகளைப் பார்த்தார், பேச்சிராஜைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஆலங்குளத்து நம்பரைத் தேடினார்.

"அண்ணாச்சி! ஒரே ஒரு நிமிசம். சாவியக் குடுங்க" என்று பேச்சிராஜ் பையோடு கதவைத் திறந்துகொண்டு ஓடினான். அண்ணாச்சி என்ன நினைத்தாரோ, தானே இறங்கி வந்து டிக்கியைத் திறந்தார். பேச்சிராஜ் ஒரு கிளிப்பை ஆம்ப்ளிஃபயரில் மாட்டினான். இன்னொன்றை சீட் பெல்ட்டு போல்ட்டில் கடிக்க விட்டான்.

சத்தம் நின்றது.

அவ்வளவு நாளும் கேட்ட ஙொய்ங் நின்றதும் அருவிச் சத்தம் கேட்டது. குரங்குகள் ஏமாந்து இறங்கிப் போயின. "நின்னுட்டு! அம்மா, நின்னுட்டும்மா!" என்று காளீஸ்வரி உள்ளேயிருந்து கத்தியேவிட்டாள். பேச்சிராஜுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாரல் என்று துடைத்துக்கொண்டான்.

அண்ணாச்சி அசையவில்லை. "இந்த ஒயரு என்ன சொல்லுது?" என்றார்.

"எர்த்துக்கு வேற வழி குடுத்திருக்கேன் அண்ணாச்சி."

"அப்ப பழைய வழியில அடைப்பு. அதக் கழத்து."

"வேண்டாம் அண்ணாச்சி. அது அப்படியே கெடக்கட்டும். புதுசா ஒண்ணு..."

"அழுகின வெங்காயத்த உள்ள விட்டுட்டு மேல நல்லத அடுக்கித் தைக்கச் சொல்லுதியா? என் மண்டியிலயா?" என்று ஒயரைப் பிடுங்கி எறிந்தார். ஸ்பானரை எடுத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே டிக்கிக்குள் குனிந்தார். பேச்சிராஜ் குறுக்கே கையை நீட்டினான். அவர் அந்தக் கையைக் கொசுவைத் தள்ளுகிற மாதிரித் தள்ளிவிட்டு, போல்ட்டைத் திருகி எடுத்தார்.

போல்ட்டோடு சேர்ந்து காய்ந்த சந்தனம் பொருக்காகப் பெயர்ந்து வந்தது. அண்ணாச்சி அதை உள்ளங்கையில் வைத்து முகர்ந்தார். வாசம் எங்கே போகும்?

"இது நம்ம நரசிம்மர் கோயில் சந்தனம்லா" என்றார் மெதுவாக. "கீழப்பாவூர்ச் சந்தனம் தென்காசிக்காரன் போல்ட்டுக்கு அடியில எப்படிலே வந்துது?"

பேச்சிராஜ் டூல்ஸ் பைக்குள் எதையோ தேடினான். "நான்... ஒரு தடவ... சாமி கும்பிட வந்தப்ப..." என்று இழுத்தான்.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் காளீஸ்வரி. எப்போது இறங்கி வந்தாளோ, பின்னால் நின்றிருந்தாள். "ஒரு வருசமாப் பழக்கம்ப்பா. அவுக பெரியப்பா சொன்னது பொய்தான். நம்ம காரியம் நல்லபடியா முடியணும்னு வேண்டிக் குடுத்தேன்."

"அது வந்த காரியத்தையே கெடுத்திருக்கு" என்றார் அண்ணாச்சி.

காளீஸ்வரி அப்போதுதான் போல்ட்டையும் சந்தனத்தையும் சேர்த்துப் பார்த்தாள். ஸ்பேர் பார்ட்ஸ்காரி இல்லையா, சட்டென்று புரிந்துவிட்டது. பேச்சிராஜ் பக்கம் திரும்பி, "அட கோட்டி! எர்த்துக்கு அடியிலயா வைப்பாக?" என்று தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

குருவம்மாள் ஆச்சி கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எனக்கு அப்பமே தெரியும். ஒரே ஆளு வாரத்துக்கு நாலு போல்ட்டு வாங்குதான்னு எந்தப் பிள்ளையாவது வீட்டுல வந்து சிரிக்குமா?" என்றாள்.

அண்ணாச்சி மறுபடியும் டிக்கிக்குள் குனிந்தார். வேட்டி நுனியால் தகரத்தைத் துடைத்தார். வளையத்தைத் துடைத்தார். போல்ட்டைப் போட்டு இறுக்கினார். "மிதிலே" என்றார். ஜெபசிங் மிதித்தான். எஞ்சின் உறுமியது. ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது.

"சத்தம் நின்னுட்டு" என்றார் அண்ணாச்சி. "யாரு நிறுத்தினது?"

அவரே ஸ்பானரைத் தூக்கிக் காட்டினார்.

"நான் நிறுத்தினேன். ஸ்பானரு என் கையில. நீ ஒயரு வச்சு மறைச்சது கணக்குல வராது. மண்டியில எவன் கை முதல்ல ஒசருதோ அவனுக்குத்தான் சரக்கு. நீ நிறுத்தினா பொண்ணுன்னேன். நீ நிறுத்தலலே. நான்லா நிறுத்தியிருக்கேன்." சொல்லிவிட்டு ஸ்பானரைத் துடைத்து டூல்ஸ் பைக்குள் போட்டார். பேச்சிராஜ் அந்தப் போல்ட்டையே பார்த்தான். சத்தமும் நின்று, உண்மையும் வெளியே வந்து, கடைசியில் இப்படி ஒரு நியாயமா?

காளீஸ்வரி அப்பாவின் உள்ளங்கையைப் பிடித்து விரித்தாள். சந்தனப் பொருக்கு அப்படியே இருந்தது. உடையாமல் எடுத்துக்கொண்டாள். டூல்ஸ் பைக்குள் கைவிட்டுப் பார்க்காமலே பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்தாள். டிக்கிக்குள் குனிந்து போல்ட்டைக் கழற்றினாள். வளையத்துக்குக் கீழே கொஞ்சம், மேலே கொஞ்சம், பொடிந்ததை மரையில் என்று பழையபடியே எல்லாவற்றையும் அடைத்தாள். போல்ட்டைப் போட்டுத் திருகினாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றார் அண்ணாச்சி.

"ஜெபசிங்கண்ணே, மிதிங்க."

ஙொய்ய்ய்ய்ங். முன்னைவிட அரைக்கட்டை கூடவே இருந்தது. மரத்தில் ஏறின குரங்குகள் திரும்பி வந்தன.

காளீஸ்வரி நிமிர்ந்து சேலையில் கையைத் துடைத்தாள். "மூட்டையப் பிரிச்சுக் காட்டாம விட்ட ஏலம் செல்லுமாப்பா?"

"செல்லாது."

"உள்ள என்ன இருக்குன்னு நானும் சொல்லல, அவுகளும் சொல்லல. இப்பத்தான் பிரிச்சுக் காட்டியிருக்கு. அப்ப இது மறு ஏலம்தான?"

அண்ணாச்சி முப்பது வருசமாகத் தான் போட்ட சட்டம் தன் முகத்துக்கு நேரே வந்து நிற்பதைப் பார்த்தார். ஆச்சி ஜன்னலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மகள் ஸ்பானரைப் பேச்சிராஜிடம் நீட்டினாள். "ம், இப்ப நீங்க கழத்துங்க. அப்பா, நல்லாப் பாத்துக்கிடுங்க, யாரு கைன்னு."

பேச்சிராஜ் ஸ்பானரை வாங்கினான். எத்தனை ஆயிரம் போல்ட்டு கழற்றின கை! அந்த நேரத்தில் அது யாருடைய கை மாதிரியோ ஆகிவிட்டது. சந்தனத்தைச் சுரண்டுகிறோமே என்கிற பயம் இப்போது இல்லை. அவளே கழற்றச் சொல்லிவிட்டாளே. ஆனாலும் போல்ட்டு அசையமாட்டேன் என்றது. பல்லைக் கடித்துத் திருகினான். இன்னும் இறுகியது. ரெண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். இன்னும் இறுகியது. ஙொய்ங் அவன் காதுக்குள்ளேயே கேட்டது. வேர்வையும் சாரலும் சேர்ந்து கண்ணை மறைத்தது. காளீஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல முடியாது, சொன்னால் அது அவள் கை உதவினது ஆகிவிடும்.

அண்ணாச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் குனிந்தார். இவ்வளவு நாளும் ஏலே, வாலே, போலே என்று மட்டுமே கூப்பிட்ட அந்தக் கரகரத்த மண்டிக் குரல் சின்னதாக வந்தது.

"வலது பக்கமாத் திருகினா எப்படிக் கழலும்? எடது பக்கமாத் திருப்பும் மாப்ள."